கேட்டலும் விளங்கலும்

தமிழிலே ‘கேள்வி’ என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செவியாற் கேட்டு அறிதலும் கேள்வி. ஒருவரை வினாவுதலும் கேள்வி. செவித்துணைக் கருவி அணிந்த ஒருவருக்கு அக்கருவி பொருத்தமாக அமைந்துள்ளதா என அறியும் முறையை விளக்கப் புகுந்த எமக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. ஒருவருடைய கேள்வியைப் பற்றி அவரிடமே கேள்வி கேட்டு அறிவதே அம்முறையாகும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலிற் கூறுவாம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நடைபெற்ற பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றில், எமக்குக் கணிதம் கற்பித்த பெரியார் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அகவை எண்பதைக் கடந்தவர். பேச்சாளர் ஒவ்வொருவரும் அவரை நினைவுகூர்ந்தனர். சபை சிரித்தபோது அவருஞ் சிரித்தார். சபை கைதட்டியபோது அவருங் கைதட்டினார். விழா முடிந்தபின் அருகே சென்று, “ஐயா, பேச்சுக்கள் எப்படி?” என்று வினாவினோம். அவர் தம் காதிலிருந்த சிறு கருவியைத் தொட்டுக் காட்டி, “தம்பிமார், சத்தம் நல்லாய்க் கேட்டது, கதைதான் ஒன்றும் விளங்கவில்லை” என்றார். அடுத்த ஆண்டு அவர் வரவில்லை. பெரும் பொருள் கொடுத்து வாங்கிய கருவி மேசை இலாச்சியிற் கிடப்பதாக அவருடைய மகள் கூறினார்.

இந்நிலை ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர் ஓரளவேனுஞ் செவிப்புலன் குறைந்தவர்கள் என உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டின் அறிக்கையிற் கூறியுள்ளது. அவர்களுட் கருவி பெற்றோர் சிலர். பெற்றும் அணியாதோர் அச்சிலருட் பலர். சத்தம் கேட்டும் கதை விளங்காதது ஏன், அதனை அளந்தறியும் வழி யாது, அளவை எந்த அளவிற்கு நம்பலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் எம்மால் இயன்றவரை விடை கூற முயல்வாம்.

ஒலியும் சொல்லும்

ஒலியைக் கேட்டல் வேறு. சொல்லை விளங்கிக்கொள்ளல் வேறு. வெளிச்செவியிற் புகும் ஒலியலை செவிப்பறையை அதிரச் செய்கின்றது. நடுச்செவியிலுள்ள மூன்று சிற்றென்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தையோடு போற் சுருண்டு கிடக்கும் உறுப்பிலே ஏறத்தாழ 3,500 உள்மயிர்க்கலங்களும் 12,000 வெளிமயிர்க்கலங்களும் வரிசையாய் அமைந்துள்ளன. சுருளின் வாயிலை அடுத்துள்ள கலங்கள் உயர்ந்த மீடிறனுடைய கீச்சொலிகளையும், நுனியை அடுத்துள்ளவை தாழ்ந்த மீடிறனுடைய கனத்த ஒலிகளையும் ஏற்கின்றன. மனிதரில் இக்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையாலும் பேரொலியாலும் முதலிற் கெடுவன பெரும்பாலும் வாயிலை அடுத்தவையே.

இனிப் பேச்சொலியை நோக்குவாம். ஆ, ஓ முதலிய உயிரொலிகள் வலிமை மிக்கவை. அவற்றின் வலிமையிற் பெரும்பகுதி 1,000 ஹேட்ஸ் மீடிறனுக்குக் கீழே கிடக்கின்றது. மெய்யொலிகள் பல மெலிந்தவை; நொடிப்பொழுதிற் கழிபவை. ‘சரி’ என நாம் பேசும்போது முதலில் எழும் சீறல் 4,000 ஹேட்சுக்கு மேலும் பரந்து நிற்பது. ஆகவே உயர் மீடிறன்களை இழந்த செவிக்கு உயிர் கேட்கும், மெய் நழுவும். ‘பால்’ என்பதும் ‘கால்’ என்பதும் ஒன்றாகும். பத்து, பற்று, பட்டு என்னும் மூன்றும் மயங்கும். வந்தான், வந்தாள், வந்தார் என்பவற்றுள் ஆணா, பெண்ணா, மதிப்பிற்குரியவரா என்பதனைத் தெரிவிப்பது சொல்லின் இறுதியிலே மெலிந்து ஒலிக்கும் ஒரேயொரு மெய்யெழுத்தாகும். அது நழுவினால் யாரோ வந்தது தெரியும். வந்தது யாரென்பது தெரியாது. “சத்தம் கேட்டது, கதை விளங்கவில்லை” என்ற கூற்று இலக்கணப்படியும் பௌதிகப்படியும் முற்றும் உண்மையானதே.

செவிப்புலனை அளக்கும் வழக்கமான முறை தூய தொனிச் சோதனையாகும். 250 முதல் 8,000 ஹேட்ஸ் வரையுள்ள தொனிகளை ஒவ்வொன்றாய் ஒலிக்கச் செய்து, ஒருவர் கேட்கக்கூடிய மிகமெல்லிய அளவை டெசிபெல்லிற் குறித்து வரைபடமாக்குவர். அதில் 0 டெசிபெல் என்பது முழு மௌனமன்று. நலமான செவியுடைய இளைஞர் பலரின் கேள்வி எல்லையின் சராசரியே அது. இவ்வரைபடம் இன்றியமையாதது. எனினும் எத்துணை மெல்லிய தொனி கேட்கின்றது என்பதை மாத்திரமே அது காட்டும். கேட்கும் அளவுக்கு உயர்த்தப்பட்ட சொல்லைச் செவி பிரித்தறியுமா என்பதைக் காட்டாது. ஒரேவகை வரைபடமுடைய இருவருள் ஒருவர் பத்துச் சொற்களில் ஒன்பதை விளங்கிக்கொள்ள, மற்றவர் ஐந்தோடு நின்றுவிடுவதும் உண்டு.

கருவி செய்வது யாது?

பேச்சு வழக்கிலே நாம் ‘காது மெசின்’ என்னுங் கருவியில் ஒலிவாங்கி, பெருக்கி, ஒலிபெருக்கி, பற்றரி என்பன உள. பழைய கருவிகள் எல்லாவற்றையும் ஒருபடித்தாய்ப் பெருக்கின. இக்காலக் கருவிகளுள் நுண்கணினி ஒன்று அமர்ந்திருந்து, மெல்லிய ஒலியை மிகுதியாயும் வலிய ஒலியைக் குறைவாயும், ஒவ்வொரு மீடிறனுக்கும் வேறுவேறாயும் பெருக்குகின்றது. எந்த மீடிறனில் எவ்வளவு பெருக்கவேண்டும் என்பதற்கு வாய்பாடுகள் உண்டு. அவற்றுட் பரந்து வழங்குவது அவுஸ்திரேலிய தேசிய ஒலியியல் ஆய்வுகூடத்தார் 1976 ஆம் ஆண்டு முதலாகப் படிப்படியே திருத்தி வகுத்ததாகும். வைத்தியர் எழுதும் மருந்துச்சீட்டுப் போன்றது அது.

சீட்டில் எழுதிய மருந்து உள்ளே சென்றதா என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா? செவித்துளையின் நீளமும் அகலமும் ஆளுக்காள் வேறுபடுவதனால், ஒரே கருவி இருவர் செவிப்பறையருகே ஒரே அளவான ஒலியைத் தராது. ஆதலின் மெல்லிய குழாயொன்றைச் செவித்துளையுட் செலுத்திக் கருவியும் அணிந்திருக்கும்போதே அங்குள்ள ஒலியை அளந்து, வாய்பாட்டின்படி அமைந்துள்ளதா எனச் சரிபார்ப்பர். இதனைச் செய்யாது, கணினி தானாகக் காட்டிய முதல் அமைப்போடு விட்டுவிடும்போது உயர் மீடிறன்களில் வேண்டிய பெருக்கம் கிடையாமற் போவது பலமுறை காணப்பட்டுள்ளது.

ஆயினும் இவ்வளவை முதற்படியே. கரும்பலகையில் எழுதியது கடைசி வாங்கில் இருப்பவனுக்குத் தெரிகின்றதா என்பது ஒரு வினா. தெரிந்ததை அவன் விளங்கிக்கொண்டானா என்பது மற்றொரு வினா. குழாய் அளவை முதல் வினாவுக்கு விடை தரும். இரண்டாம் வினாவுக்கு விடை காணவே சொற்சோதனை வேண்டும்.

சோதனையின் தோற்றமும் வளர்ச்சியும்

சொல்லை அளவுகோலாக்கும் எண்ணம் முதலில் வைத்தியசாலையிற் பிறக்கவில்லை, தொலைபேசியிற் பிறந்தது. கம்பிவழியே செல்லும் பேச்சு மறுமுனையில் எவ்வளவு விளங்குகின்றது என அறியவிரும்பிய அமெரிக்கப் பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஹாவி பிளெச்சர் என்பாரின் தலைமையில், பொருளற்ற அசைகளை ஒருவர் படிக்க மற்றவர் எழுதும் சோதனைகளை நடத்தினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமான இரைச்சலின் நடுவே கட்டளைகள் விளங்கவேண்டிய தேவை எழ, ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் இம்முறை மேலும் வளர்ந்தது. அன்றாடப் பேச்சில் ஒவ்வோர் ஒலியும் எவ்வளவு பயில்கின்றதோ அந்த விகிதத்திலேயே ஒலிகள் வருமாறு, 50 ஓரசைச் சொற்கள் கொண்ட பட்டியல்கள் இருபது அங்கே ஆக்கப்பட்டன. ஜேம்ஸ் ஈகன் என்பார் அவற்றை 1948 இல் வெளியிட்டார். 1952 இல் ஐரா ஹேர்ஷ் என்பாருந் தோழரும் அவற்றைத் திருத்தி, எல்லோர்க்குந் தெரிந்த சொற்களையே தேர்ந்து ஒலிப்பதிவு செய்தனர்.

போரிலே செவிப்புலன் இழந்து திரும்பிய வீரருக்குக் கருவி தெரிவுசெய்யும் பொறுப்பு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து இராணுவ வைத்தியசாலையொன்றில் றேமண்ட் கார்ஹார்ட் என்பாரிடம் வந்தது. அவர் ஒவ்வொரு வீரருக்கும் பல கருவிகளை மாறிமாறி அணிவித்து, அமைதியிலும் இரைச்சலிலும் சொற்களை ஒலிக்கச் செய்து, எக்கருவியில் விளக்கம் மிகுகின்றதோ அதனையே பரிந்துரைத்தார். 1946 இல் வெளியான அவருடைய முறை பல ஆண்டுகள் வழிகாட்டியாய் விளங்கிற்று. கண்ணுக்குக் கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்ப்பது போன்ற அம்முறை நியாயமானதாகவே தோன்றியது. அதிலே மறைந்திருந்த குறையைப் பின்னர்க் கூறுவாம்.

சோதனை நடைபெறும் வகை

வெளியொலி புகாத அறையிலே, சோதிக்கப்படுபவரின் முகத்துக்கு நேரே ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்தில், காதின் மட்டத்தில் ஒலிபெருக்கி வைக்கப்படும். பதிவுசெய்த சொற்கள் ஒவ்வொன்றாய் ஒலிக்கும். அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஐயமாயின் ஊகித்தேனும் சொல்லவேண்டும். முதலிற் கருவியின்றியும், பின்னர்க் கருவியோடும், வெவ்வேறு பட்டியல்களைக் கொண்டு சோதிப்பர். ஒரே பட்டியலைத் திரும்ப வழங்கினால் நாம் அளப்பது செவியையன்று, ஞாபகத்தையாகும்.

நேரிலே வாசித்துச் சோதிப்பதிலும் பதிவுசெய்த குரலே நன்று. வாசிப்பவர் தம்மையறியாமலே இரங்கி, கடினமான சொல்லை அழுத்திச் சொல்லிவிடுவார். உதடு தெரியுமாயின் கண்ணுங் காதுக்குத் துணைசெய்துவிடும்.

எவ்வளவு உரத்து ஒலிப்பது என்பது அடுத்த வினா. ஒரு மீற்றர் தூரத்திற் சாதாரணமாய் உரையாடும் குரல் 60 முதல் 65 டெசிபெல் வரை இருக்கும். சிறிதளவே புலன் குறைந்தவருக்கு அமைதியான அறையில் இவ்வளவில் ஒலித்தால், கருவியின்றியும் நூற்றுக்கு 96; கருவியோடும் 96 என வரலாம். கருவி பயனற்றது என்பது அதன் பொருளன்று. வினாத்தாள் மிக எளிது என்பதே பொருள். எல்லோரும் நூறு புள்ளி பெறும் பரீட்சையில் யார் கெட்டிக்காரர் எனத் தெரியுமா? ஆதலின் 50 டெசிபெல் அளவான மெல்லிய பேச்சிலுஞ் சோதித்தல் வேண்டும். கருவியின் உண்மையான உதவி வெளிப்படுவது அங்கேதான்.

புள்ளியிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘பால்’ என ஒலிக்க ஒருவர் ‘கால்’ என்கிறார். சொல்லாக நோக்கினால் அவர் பெறுவது சுழியம். ஒலிகளாக நோக்கினால் ப், ஆ, ல் என்னும் மூன்றில் இரண்டு சரி. 1968 இல் இங்கிலாந்திலே ஆதர் பூத்றொயிட் என்பார் வகுத்த பட்டியல்கள் இவ்வகையானவை. பத்தே சொற்கள், ஆனால் முப்பது ஒலிகளுக்குப் புள்ளி. நேரமுஞ் சுருங்கும்; எவ்வொலி நழுவுகின்றது என்பதுந் தெரியும். ‘சரி’ என்பதைக் ‘கரி’ என்று பலமுறை கேட்பவருக்கு உயர் மீடிறனில் இன்னுஞ் சிறிது பெருக்கம் வேண்டும் போலும் என ஊகித்து, மறுபடியும் குழாய் கொண்டு அளந்து திருத்தலாம். பிழையே இங்கு ஆசிரியனாகின்றது.

மூன்று சொற்களின் கதை

கார்ஹார்ட்டின் முறையில் மறைந்திருந்த குறைக்கு வருவாம். ஓர் உதாரணம் கொள்வோம். 25 சொற் பட்டியலில் முதற் கருவியோடு ஒருவர் 18 சொற்களைச் சரியாகச் சொல்கிறார். அது 72 நூற்றுவீதம். இரண்டாங் கருவியோடு 21 சொற்கள். அது 84 நூற்றுவீதம். 12 நூற்றுவீத வேறுபாடு என்றவுடன் இரண்டாவதே சிறந்தது என முடிவுகட்ட மனம் விரைகின்றது. ஆனால் உண்மையில் வேறுபாடு மூன்றே சொற்கள்.

காசு சுண்டும் கணக்கை நினைவுகூருங்கள். நல்ல காசொன்றை 25 முறை சுண்டினால் ஒருநாட் தலை 10 விழும். மறுநாள் 15 விழும். காசு மாறிவிட்டது என எவருஞ் சொல்லார். சொற்சோதனையும் அத்தகையதே. ஒவ்வொரு சொல்லும் சரியாவதற்கு ஒரு நிகழ்தகவு உண்டு. அதனால் ஒரே செவி, ஒரே கருவி, ஒரே நாளிற்கூடப் புள்ளி ஏறியும் இறங்கியும் வரும். பாதியளவு விளங்கும் ஒருவருக்கு 25 சொற்களைக் கொண்டு இருமுறை சோதித்தால், இரு புள்ளிகளுக்கும் இடையே ஏறத்தாழ 28 நூற்றுவீதம் வரையும் தற்செயலாகவே வேறுபாடு தோன்றலாம். இருபதில் ஒருமுறை அதற்கு மேலுந் தோன்றும். 50 சொற்களாயின் அவ்வெல்லை 20 ஆகும். 100 சொற்களாயின் 14. ஐயத்தைப் பாதியாக்கச் சொற்களை நான்கு மடங்காக்க வேண்டும். மேலே கூறிய 72, 84 என்பவற்றுக்கு எல்லை சுமார் 23. ஆகவே அம்மூன்று சொற்கள் எதனையும் நிறுவவில்லை.

1960 இல் ஷோர், பில்ஜர், ஹேர்ஷ் என்னும் மூவர் கருவிகளை மீண்டும் மீண்டும் ஒப்பிட்டுச் சோதித்து, அவ்வேறுபாடுகள் நம்பத்தக்க அளவில் நிலைபெறவில்லை எனக் காட்டினர். 1978 இல் தோண்டன், றாபின் என்னும் இருவர், எத்துணை வேறுபாடு உண்மையானது எனக் கணித்து அட்டவணையாகத் தந்தனர். ஆதலால், சிறு பட்டியலைக் கொண்டு நல்ல கருவி இரண்டினுள் ஒன்றைத் தெரிதல் அரிது. கருவியின்றி 40, கருவியோடு 84 என்பது போன்ற பெரிய வேறுபாட்டை அது ஐயமின்றிக் காட்டும். அளவுகோலின் நுண்மையை அறிந்து அளப்பவனே அளப்பவன்.

இரைச்சலின் நடுவே

அமைதியான அறையில் எவரும் வாழ்வதில்லை. பலர் ஒருங்கே பேசும் இடத்தில் ஒரு குரலை மட்டும் எவ்வாறு பிரித்துக் கேட்கின்றோம் என்னும் வினாவை 1953 இல் கொலின் செரி என்பார் ஆராய்ந்தார். அத்திறனே செவிப்புலன் குறைந்தோரிடம் முதலில் தளர்வதொன்று. 1978 இல் ஒல்லாந்தரான பிளொம்ப் என்பார் செவிக்குறையை இரு கூறாக்கி விளக்கினார்: ஒன்று மங்கல், மற்றொன்று சிதைவு. தூரத்து வானொலி நிலையத்தைத் திருப்பும்போது ஒலி மெலிதாய் இருந்தால் குமிழைத் திருகிக் கூட்டலாம். கரகரப்பும் சேர்ந்து வந்தால், கூட்டக்கூட்டக் கரகரப்புங் கூடும். கருவி மங்கலை நீக்கும். சிதைவை அது நேரே நீக்கமாட்டாது. அமைதியறையில் உயர்ந்த புள்ளி பெற்றவர் கலியாண வீட்டிலே தவிப்பதற்குக் காரணம் இதுவே.

எனவே இரைச்சலோடு சோதிப்பது இன்றியமையாததாயிற்று. இங்கே தனிச்சொல்லுக்குப் பதில் வாக்கியங்கள் பெரும்பாலும் வழங்கப்படும். இரைச்சலை ஓரளவில் நிறுத்தி, வாக்கியம் சரியாகத் திருப்பிச் சொல்லப்பட்டால் அடுத்ததை 2 டெசிபெல் குறைத்தும், தவறினால் 2 டெசிபெல் கூட்டியும் ஒலிப்பர். சில வாக்கியங்களுள், பாதி விளங்கும் எல்லையிற் சோதனை வந்து நிற்கும். அவ்வெல்லையில் பேச்சு இரைச்சலிலும் எத்தனை டெசிபெல் மேலே அல்லது கீழே உள்ளது என்பதே விடை. 1994 இல் அமெரிக்காவில் நில்சன், சோலி, சலிவன் என்போர் வெளியிட்ட வாக்கியச் சோதனை இத்தகையது. இம்முறையில் வினாத்தாள் எளிதாகிவிடும் குறை இல்லை. மேலும் அவ்வெல்லையை அடுத்து ஒரு டெசிபெல் மாறினாலே வாக்கிய விளக்கம் 10 முதல் 20 நூற்றுவீதம் வரை மாறக்கூடும். ஆகவே கருவியால் 2 டெசிபெல் நன்மை கிடைத்தது என்றால், கேட்பவருக்கு அது சிறிதன்று.

1982 இல் சுவீடன் நாட்டு ஹாகர்மன் என்பார் வேறொரு வழி கண்டார். பெயர், வினை, எண், அடை, பொருள் என ஐந்து இடங்கள்; ஒவ்வோர் இடத்துக்கும் பத்துச் சொற்கள். அவற்றைக் கலந்தால் 1,00,000 வாக்கியங்கள். எவராலும் மனனஞ் செய்ய இயலாது. இத்தகைய சோதனைகள் பின்னர்ப் பல மொழிகளில் ஆக்கப்பட்டன.

எம்மொழியிற் சோதிப்பது?

ஈண்டு நம்மவர்க்கு மிக நெருங்கிய ஒரு வினா எழுகின்றது. ஆங்கிலப் பட்டியலைக் கொண்டு தமிழரைச் சோதிக்கலாமா?

பெருக்கத்தின் வாய்பாட்டுக்கு மொழிபேதம் பெரிதன்று. 1994 இல் டெனிஸ் பேண் என்பாருந் தோழரும் சிங்களம் உட்படப் பன்னிரு மொழிகளின் பேச்சை அளந்து, மீடிறன்தோறும் வலிமை பரவியிருக்குஞ் சராசரி எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒத்திருப்பதைக் காட்டினர். ஆனால் சொற்சோதனை அத்தகையதன்று. தெரியாத சொல்லைச் செவி கேட்டாலும் மனம் அடையாளங் காணாது. வெளிவரும் புள்ளி செவியினுடையதா, ஆங்கில அறிவினுடையதா எனத் தெரியாது போகும்.

மொழிபெயர்த்தாலும் போதாது. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் மலிந்துள்ளன. தமிழிலோ ஈரசைச் சொற்களே இயல்பாய் வருவன. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும்: கல், கால், பல், பால். நீட்சியால் அறியப்படும் இவ்வேறுபாடு உயர் மீடிறன் இழந்த செவிக்கும் பெரும்பாலும் எட்டும். ஆனால் லகர, ளகர, ழகர பேதமும், னகர, ணகர பேதமும் மிக நுண்ணியவை. வாலை, வாளை, வாழை எனச் செவிக்குறையற்றவரும் பேச்சிலே மயக்குவராயின், அச்சொற்களைப் பட்டியலிற் சேர்த்து முதியவர்மேற் பழி சுமத்தலாகாது. நாட்டு வழக்கையும் நோக்கவேண்டும். ‘பற்று’ என்பதன் இரட்டை றகரத்தை யாழ்ப்பாணத்தார் ஒலிப்பதும் சென்னையார் ஒலிப்பதும் ஒன்றல்ல. ஓரூர்க் குரலிற் பதிந்த பட்டியல் மற்றோரூர்ச் செவிக்கு அந்நியமாகலாம். தமிழிலுஞ் சொற்பட்டியல்கள் ஆக்கப்பட்டுள்ளன. எனினும் சோதிக்கப்படுபவரின் வழக்குக்கு அவை ஒத்தனவா என ஆராய்ந்தே வழங்கல் வேண்டும்.

ஹாகர்மன் முறையைத் தமிழில் அமைப்பதாயின் ஒரு சுவையான சிக்கல் எழும். ‘கண்ணன் மூன்று பழைய குடைகள் வாங்கினான்’ என்பது ஒரு வாக்கியம். பெயரை மாற்றி ‘வள்ளி’ என்றால் வினைமுற்றும் ‘வாங்கினாள்’ என மாறவேண்டும். அங்ஙனமாயின் வினையின் இறுதியைக் கேட்டவர் பெயரைப் பாதி ஊகித்துவிடுவார். ஐந்து இடங்களும் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும் என்னும் விதி கெடும். ‘வாங்கினார்’ என எல்லோர்க்கும் மரியாதைப் பன்மை கொடுத்துவிட்டால் சிக்கல் தீரும். தமிழிலக்கணத்தைப் பழுதறக் கற்ற மாணவரும் இத்துறையில் விஞ்ஞானத்துக்குத் துணைபுரியலாம் என்பதற்கு இதுவே சான்று. கல்லூரியிலே மொழியையும் விஞ்ஞானத்தையும் தனித்தனி வகுப்பாய்ப் பிரித்து வைத்துள்ளோம். செவியோ அப்பிரிவை அறியாது.

சோதனை சொல்லாதவை

எத்துணை நன்றாய் அமைந்த சோதனையும் சிலவற்றைச் சொல்லாது. ஒருவர் எல்லாச் சொற்களையுஞ் சரியாய்ச் சொல்லியிருக்கலாம். அதற்கு எவ்வளவு உழைத்தார், எவ்வளவு களைத்தார் என்பது புள்ளியில் தெரியாது. புதுக் கருவியின் ஒலிக்கு மனம் பழகச் சில வாரங்கள் வேண்டும். முதல்நாட் புள்ளி இறுதிப் புள்ளியன்று. ஆதலாற் சோதனையோடு, ‘எந்த எந்த இடத்திற் கேட்க விரும்புகின்றீர்?’ என அவரையே வினாவி, சில வாரங்களின்பின் அவ்விடங்களில் முன்னேற்றம் உண்டா எனக் குறித்துக்கொள்ளும் முறையையும் 1997 இல் அவுஸ்திரேலியாவின் ஹாவி டிலன் என்பார் வகுத்துத் தந்தார். பேரனோடு தொலைபேசியிற் பேசல், கோயிலிற் பிரசங்கங் கேட்டல், பழைய நண்பரோடு அளவளாவல் என ஒவ்வொருவரும் தத்தம் விருப்பத்தைத் தாமே கூறுவர். அவற்றைவிட மேலான வினாத்தாள் வேறில்லை.

இதுகாறுங் கூறியவற்றால், கருவி பெறும் ஒருவர் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு எனத் தொகுத்துக் கூறலாம். செவித்துளையிற் குழாய் வைத்து அளந்தீர்களா? என் மொழியிலே, பதிவுசெய்த சொற்களால், போதிய எண்ணிக்கையிற் சோதித்தீர்களா? இரைச்சலோடு, கருவியின்றியும் கருவியோடும் சோதித்தீர்களா? சில வாரங்களின்பின் மீண்டும் வந்து திருத்திக்கொள்ளலாமா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. செவிப்புலன் திடீரெனக் குறைந்தாலோ, ஒரு காது மாத்திரம் குறைந்தாலோ, கருவியைப் பற்றி எண்ணுமுன் வைத்தியரிடம் விரைதல் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கூறுகின்றோம்.

எமது கணித ஆசிரியரின் கதை இன்னும் முடியவில்லை. நண்பர் சிலர் வற்புறுத்தியதனால் அவர் கருவியை இலாச்சியிலிருந்து எடுத்து, மீண்டுஞ் சோதனைக்குச் சென்றார். யாமும் உடன் சென்றோம். அமைதியறையில் அவர் விளக்கம் நன்றாகவே இருந்தது, இரைச்சலில் வீழ்ந்தது. குழாய் கொண்டு அளந்தபோது உயர் மீடிறன்களிற் பெருக்கம் வேண்டிய அளவிற் குறைந்திருப்பது தெரியவந்து, அது திருத்தப்பட்டது. பேச்சாளர் தம் சட்டையில் மாட்டிக்கொள்ள, அவர் குரலை நேரே கருவிக்கு அனுப்பும் சிறிய ஒலிவாங்கியொன்றும் கொடுக்கப்பட்டது. திருத்தியபின் புள்ளி மூன்று சொற்கள் கூடிற்று. யாம் மகிழ்ந்து வாழ்த்தினோம். அவரோ எம்மை நிறுத்தி, “இருபத்தைந்துக்கு மூன்று! இதைக்கொண்டு என்னத்தை நிறுவுவீர்கள்? நான் படிப்பித்த கணக்கை மறந்துபோனீர்களோ?” என்றார். யாம் தலைகுனிந்தோம். பின்னர் இரைச்சல் வாக்கியச் சோதனையில், சிற்றொலிவாங்கியோடு வந்த விடையைக் கண்டபின்னரே அவர் தலையசைத்தார்.

அடுத்த ஒன்றுகூடலுக்கு அவர் வந்தார். எல்லாம் விளங்கிற்று என அவர் சொல்லவில்லை. பாதிக்கு மேல் விளங்கிற்று என்றார். சபை சிரித்த ஓரிடத்தில் அவர் சிரிக்காதிருந்ததை யாம் கண்டோம். காரணம் வினாவியபோது, “அந்தப் பகிடி எனக்கு விளங்கினது, அது அவ்வளவு நல்ல பகிடியில்லை” என்றார். முன்னைய ஆண்டில் எல்லோரோடுஞ் சேர்ந்து அவர் சிரித்த சிரிப்பிலும், இவ்வாண்டில் அவர் சிரியாதிருந்தமை எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. முதியோரோடு பேசும்போது அவர் முகத்துக்கு நேரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ நின்று பேசுங்கள். கத்தாதீர்கள், கத்தினாற் சொல் சிதையும். சற்று மெதுவாகப் பேசுங்கள். ஒருமுறை விளங்காததை அதே சொல்லாற் பத்துமுறை சொல்லாது, வேறு சொல்லாற் சொல்லுங்கள். விழா நடத்துவோர்க்கும் ஒரு வார்த்தை: முன்வரிசையில் இடங்கொடுத்தல் மட்டும் மரியாதையன்று, அங்கிருப்பவர்க்குப் பேச்சு விளங்கச் செய்தலே மரியாதை. எமக்குக் கேள்விச் செல்வத்தை வழங்கியோர் அச்செல்வத்தை இழந்திருக்கும்போது, அதனைத் திருப்பிக் கொடுக்க முயல்வது எமது கடனாகும்.